கட்டி எவ்வளவு பெரிசு? சுண்டெலியை அளந்தவர்களின் கதை

போன மாசம் எங்கட குழுவுக்குள்ள ஒரு வாட்ஸ்அப் செய்தி வந்து சேர்ந்தது. ஏதோ ஒரு இலையின் சாறு, சுண்டெலிகளுக்கு இருந்த புற்றுநோய்க் கட்டியைப் பாதியாகக் குறைத்துவிட்டதாம். வெளிநாட்டு ஆய்விதழிலேயே வந்திருக்காம். இனி ஊசி மருந்தும் வேண்டாம், கரண்ட் பிடிக்கவும் வேண்டாமாம்.

வழமையா இப்படியான செய்திக்கு ஒரு பகிடி எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். இந்த முறை அப்படி விட முடியவில்லை. எங்களில் ஒருவரின் பெரியப்பா அந்தச் செய்தியைப் போனில் பத்திரப்படுத்தி வைத்திருந்தார். வாவியில் நண்டுக்கூடு வைக்கிற மனுசன். நாற்பது வருசமாக வாயில் வெத்திலையும் புகையிலையும். இடப்பக்கக் கன்னத்துக்குள் முதலில் ஒரு வெள்ளைத் திட்டு வந்தது. இப்போது விரலுக்குத் தட்டுப்படுகிற ஒரு தடிப்பு. பல் கிளினிக்கில் பார்த்தவர்கள் உடனே பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொல்லித் துண்டு எழுதிக் கொடுத்திருந்தார்கள். "மறுகா போவம். முதல்ல இந்தச் சாற்றக் குடிச்சிப் பாப்பம்" எண்டு அவர் சொல்லிவிட்டார்.

செய்தியின் அடியில் மூல ஆய்வுக்கட்டுரையின் இணைப்பும் இருந்தது. அதை அனுப்பியவர்களில் ஒருவராவது திறந்து பார்த்திருப்பாரோ தெரியாது. நாங்கள் திறந்தோம். இரண்டு கோடுகள் உள்ள ஒரு வரைபடம். கிடையாக நாட்கள், நிலைக்குத்தாகக் கட்டியின் கனவளவு. அதற்குக் கீழே சின்னதாக ஒரு சூத்திரம்: நீளத்தை அகலத்தின் வர்க்கத்தால் பெருக்கி இரண்டால் வகு. அவ்வளவுதான். உயிரோடு துள்ளிக்கொண்டிருக்கிற ஒரு சுண்டெலியின் தோலுக்கடியில் கிடக்கிற கட்டியின் கனவளவை இந்த இரண்டு அளவை வைத்து எப்படிச் சொல்கிறார்கள்? இதை யார் தொடங்கினது? வேறு வழி இல்லையா? இந்தக் கேள்விகளைப் பிடித்துக்கொண்டு போனதில் ஒரு மாசம் போய்விட்டது.

வாவிக்கரை ஆட்களுக்கு இந்தப் பிரச்சினை புதிசில்லை. நண்டு ஓடு கழற்றி வளர்கிற சீவன். புது ஓட்டோடு வந்த நண்டு பார்க்க நல்ல அகலமாக இருக்கும். தூக்கிப் பார்த்தால் பாரமிராது, உள்ளுக்குள் சதையை விடத் தண்ணிதான் கூட. அதனால்தான் நண்டு வாங்குகிறவர்கள் அகலத்தைப் பார்த்து விலை பேசுவதில்லை, தராசில் வைக்கிறார்கள். சுண்டெலி ஆய்வாளருக்கு அந்த வசதி கிடையாது. கட்டியைத் தராசில் வைக்க வேண்டுமானால் எலியைக் கொன்று அறுத்து எடுக்க வேண்டும். எடுத்துவிட்டால் நாளைக்கு அது எவ்வளவு வளரும் என்று பார்க்க எலி இல்லை. அளவை வெளியே நின்று எடுக்க வேண்டும், உள்ளே இருப்பதைச் சொல்ல வேண்டும். இந்தச் சிக்கலுக்கு நூற்றுக்கு மேற்பட்ட வருச வரலாறு இருக்கிறது.

1903இல் கோப்பன்ஹேகனில் கார்ல் ஜென்சன் என்ற மிருக வைத்தியர், ஒரு வெள்ளைச் சுண்டெலியின் கட்டியிலிருந்து சிறு துண்டுகளை எடுத்து வேறு எலிகளின் தோலுக்கடியில் வைத்தார். கட்டி பிடித்தது. அதிலிருந்து எடுத்து அடுத்த எலிக்கு, பிறகு அதற்கடுத்த எலிக்கு என்று தலைமுறை தலைமுறையாகக் கொண்டுபோனார். அதுவரை புற்றுநோயை ஆராய வேண்டுமென்றால் தானாக நோய் வந்த மனிசரையோ மிருகத்தையோ தேடிப்போக வேண்டும். இதற்குப் பிறகு ஒரே கட்டியை நூறு எலிகளில் ஒரே நாளில் தொடக்கிவிடலாம். ஒரே நாளில் தொடங்கினால் ஒப்பிடலாம். ஒப்பிடுவதென்றால் அளக்க வேண்டும்.

முதலில் அளந்ததென்று சொல்வதை விட வரைந்தார்கள் என்று சொல்லலாம். இலண்டனில் 1902இல் தொடங்கிய இம்பீரியல் கான்சர் ரிசேர்ச் ஃபண்டின் பழைய அறிக்கைகளில், ஒவ்வொரு எலியின் கட்டியும் ஒரு கறுப்பு நிழலாக வரையப்பட்டிருக்கும். நாட்கள் போகப் போக அந்த நிழல் பெருக்கும், அல்லது சுருங்கி மறையும். எண் எதுவும் தேவைப்படாது, பார்த்த உடனே விளங்கும். எங்களுக்கு அந்தப் படங்கள் இப்போதைய வரைபடங்களை விட நேர்மையாகத் தெரிகின்றன. வரைந்தவர் தான் கண்டதை மட்டும் வரைந்திருக்கிறார், தடிப்பு எவ்வளவு என்று தனக்குத் தெரிந்த மாதிரிக் காட்டவில்லை.

அந்த நாட்களில் எலிகளே ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாதவை. அமெரிக்காவில் கிரான்பி என்ற ஊரில் அபி லாத்ரொப் என்ற முன்னாள் பள்ளி ஆசிரியை, கோழி வளர்த்து நட்டப்பட்டுப் பிறகு அழகு எலிகள் வளர்த்து விற்றார். ஆய்வுகூடங்கள் அவரிடம் வாங்கத் தொடங்கின. தன் எலிகளில் கட்டிகளைக் கண்டு, லியோ லோப் என்ற விஞ்ஞானியோடு சேர்ந்து கட்டுரைகளும் எழுதினார். அவருடைய 57ஆம் இலக்கப் பெண் எலியின் வழிவந்ததுதான் இன்று உலகமெங்கும் ஆய்வுகூடங்களில் இருக்கிற சி57 கறுப்பு எலி இனம். அவர் 1918இல் செத்துப்போனார். வரலாற்றில் அவருக்குக் கிடைத்தது ஒரு அடிக்குறிப்பு மாதிரி ஒரு இடம், அதுவும் மிகப் பிந்தி.

1942இல் யேல் பல்கலைக்கழகத்தில் லூயிஸ் குட்மனும் அல்ஃபிரட் கில்மனும், யுத்தத்துக்காக ஆராயப்பட்ட நச்சுவாயுவின் உறவுக்கார இரசாயனமொன்றைக் கட்டியுள்ள எலிக்கு ஊசியில் ஏற்றினார்கள். கட்டி மெதுமெதுத்து, கையால் தடவினால் தெரியாத அளவுக்குக் குறைந்தது. பிறகு திரும்பவும் வந்தது. அந்த எலிதான் புற்றுநோய்க்கான இரசாயன மருந்துகளின் தொடக்கங்களில் ஒன்று. அளவுக் கருவி? விரல். அவ்வளவு பெரிய மாற்றத்தைக் காண விரல் போதும். சின்ன மாற்றத்தைத்தான் விரல் கோட்டைவிடும்.

நாங்கள் தேடப்போனதில் எங்களுக்குக் கிடைத்த எதிர்பாராத சாமான் நித்தியகல்யாணி. கோயில் வளவிலும் கடற்கரை மணலிலும் தண்ணி ஊற்றாமலே பூக்கிற அதே செடி. 1950களில் கனடாவில் ரொபர்ட் நோபிளும் சார்ல்ஸ் பியரும், நீரிழிவுக்கு நல்லதென்று சொல்லப்பட்டதால் இதன் இலையைச் சோதித்தார்கள். சீனி குறையவில்லை, ஆய்வு எலிகளின் வெண்குருதிக் கலங்கள்தான் குறைந்தன. அதே காலத்தில் எலி லில்லி மருந்துக் கம்பெனியும் இதே செடியின் சாற்றை இரத்தப் புற்றுநோய் உள்ள சுண்டெலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தது. (கம்பெனியின் பெயரே எலி. நாங்கள் வைத்ததில்லை.) அங்கே கனவளவு பற்றிய பேச்சே இல்லை. இரத்தப் புற்றுநோய்க்கு அளக்கக் கட்டி இல்லை. அவர்கள் எண்ணியது நாட்களை: மருந்து கொடுத்த எலி எத்தனை நாள் கூட உயிரோடு இருந்தது? இதிலிருந்து வந்த வின்கிறிஸ்டீன் 1963இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இன்றைக்கும் இரத்தப் புற்றுநோய் வந்த பிள்ளைகளுக்கு ஏற்றுகிற மருந்துகளில் அது ஒன்று. ஆக, இலையிலிருந்து மருந்து வருகிறது என்பது பொய்யில்லை. ஆனால் யாரும் நித்தியகல்யாணிச் சாற்றை இடித்துக் குடித்துப் பிழைக்கவில்லை. அது நச்சுச் செடி. பெருந்தொகை இலையிலிருந்து கொஞ்சூண்டு பொருளைப் பிரித்து, அளவு பார்த்து நாளத்துக்குள் ஏற்ற வேண்டியிருக்கிறது.

சரி, சூத்திரத்துக்கு வருவோம்.

1955இல் அமெரிக்க அரசு, புற்றுநோய்க்கு எதிராக ஆயிரக்கணக்கான இரசாயனங்களையும் தாவரச் சாறுகளையும் எலிகளில் சோதிக்க ஒரு தேசிய நிலையம் தொடங்கியது. தொழிற்சாலை மாதிரி வேலை. வெவ்வேறு இடங்களில் நடக்கிற சோதனைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டுமென்பதால், எல்லாவற்றுக்கும் எழுதப்பட்ட விதிகள் வந்தன. 1972இல் வெளியான விதித்தொகுப்பில் திண்மக் கட்டிகளுக்கு இப்படி இருக்கிறது: நீளத்தையும் அகலத்தையும் மில்லிமீட்டரில் எடு, நீளம் × அகலம் × அகலம் ÷ 2, வருவதை மில்லிகிராம் என்று எழுது.

இது எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் கஷ்டமில்லை. முட்டை போல நீண்ட உருண்டையின் கனவளவு, பையை 6ஆல் பிரித்து நீளம், அகலம், உயரம் மூன்றாலும் பெருக்கினால் வரும். பையை 6ஆல் பிரித்தால் 0.52. அதை அரை என்று வைத்துக்கொள். உயரத்தை அளப்பது கஷ்டம், ஆகவே உயரமும் அகலமும் ஒன்று என்று வைத்துக்கொள். கட்டியின் அடர்த்தி தண்ணியின் அடர்த்தி என்று வைத்துக்கொள், கன மில்லிமீட்டர் மில்லிகிராமாகிவிடும். மூன்று "வைத்துக்கொள்". ஒவ்வொன்றும் தனித்தனியே பார்த்தால் நியாயமானதுதான். மாசம் ஆயிரம் எலி அளக்கிற ஆளுக்கு வேறு வழியும் இல்லை.

அளக்கிற கருவி எங்களுக்கு ஏ.எல். பௌதிகவியல் ஆய்வுகூடத்தில் பழக்கமான வேணியர் இடுக்கிதான். பூச்சிய வழு பார்த்து, மூன்று தரம் அளந்து சராசரி எடுக்கச் சொல்லி சேர் அடிக்காத குறையாகச் சொல்லித்தந்தது ஞாபகமிருக்கும். அங்கே நாங்கள் அளந்தது இரும்புக் குண்டு. குண்டு ஓடாது, நசியாது, அதில் மயிர் இல்லை. எலிக் கட்டியை இடுக்கியால் பிடித்தால் கட்டியோடு தோலின் இரண்டு மடிப்பும் சேர்ந்து வரும். கொஞ்சம் இறுக்கினால் மெதுவான கட்டி நசியும். எது நீளம், எது அகலம் என்பதை அளக்கிறவரின் கண் தீர்மானிக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். 10 மி.மீ. நீளம், 8 மி.மீ. அகலம் உள்ள கட்டி, சூத்திரப்படி 320 கன மி.மீ. அகலத்தை 9 என்று வாசித்துவிட்டால் 405. ஒரே ஒரு மில்லிமீட்டர், கனவளவு கால் பங்குக்கு மேல் கூடிவிட்டது. இனி உண்மையில் உயரம் 6 மி.மீ. தான் என்றால், மூன்று அளவும் போட்ட சூத்திரம் 251 என்கிறது. ஒரே எலி, ஒரே நாள், 251இலிருந்து 405 வரை. எலி எதுவும் செய்யவில்லை.

இன்னொன்று. 10 மி.மீ. உருண்டைக் கட்டி கனவளவில் பாதியாக வேண்டுமென்றால் விட்டம் எவ்வளவு குறைய வேண்டும்? 5 மி.மீ. ஆக என்றுதான் எங்களில் முக்கால்வாசிப் பேர் சொன்னோம். விடை 7.9. இரண்டு மி.மீ. குறைந்தாலே "பாதி" ஆகிவிடும். 5 மி.மீ. ஆனால் அது எட்டில் ஒன்று. செய்தித் தலைப்பில் "பாதி" என்று வாசிக்கிறபோது மனசில் வருகிற படத்துக்கும் இடுக்கியில் நகர்கிற அந்த இரண்டு மி.மீட்டருக்கும் எவ்வளவு தூரம்!

கையும் கண்ணும் எவ்வளவு பிழைக்கும் என்று சோதிக்க ஒரு அழகான வேலை செய்தவர்கள் சார்ல்ஸ் மோர்ட்டலும் ஜேம்ஸ் ஹான்லியும். 1976இல் வெளியானது. 12 திண்ம உருண்டைகளை மெத்தை ரப்பருக்கடியில் வைத்து, அனுபவமுள்ள 16 புற்றுநோய் வைத்தியர்களைக் கூப்பிட்டு, நோயாளியின் கட்டியை அளக்கிற மாதிரி அளக்கச் சொன்னார்கள். உருண்டைகளில் சில ஒரே அளவானவை, வைத்தியர்களுக்கு அது தெரியாது. அளவு கால் பங்கு குறைந்தால் "மருந்து வேலை செய்கிறது" என்று வைத்தால், ஒரு மாற்றமும் இல்லாத உருண்டை கூட ஐந்துக்கு ஒன்று, நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் "சுருங்கியது". பாதி குறைய வேண்டும் என்று வைத்தால் அந்தப் பிழை பத்தில் ஒன்றுக்கும் கீழே போனது. இரண்டு குறுக்களவின் பெருக்கம் 50 வீதம் குறைந்தால்தான் நோயாளிக்குப் பலன் என்று எழுதுகிற வழக்கத்துக்கு இந்த மெத்தைச் சோதனை பெரிய பலம் சேர்த்தது.

நாங்களும் செய்து பார்த்தோம். கோதுமை மாவைப் பிசைந்து ஏழு உருண்டை, அவித்து இறுக்கி, மடித்த போர்வைக்கடியில். பள்ளிக்கூடத்திலிருந்து இரவல் வாங்கிய இடுக்கி. ஒரே உருண்டையை இரண்டு தரம் வைத்ததை ஒருத்தரும் கண்டுபிடிக்கவில்லை. அதை விட, "இது மருந்து கொடுத்த உருண்டை" என்று சொல்லி வைத்ததைச் சிலர் சின்னதாக அளந்தார்கள். அளந்தவர்கள் பொய்யர்களில்லை, எங்கட ஆட்கள்தான். மருந்து பெற்ற எலி எது என்று அளக்கிறவருக்குத் தெரியக்கூடாது என்பது இதற்காகத்தான். விலங்கு ஆய்வுகளை எப்படி எழுத வேண்டும் என்று 2010இல் வந்த 'அறைவ்' வழிகாட்டி, அளந்தவருக்கு இது மறைக்கப்பட்டதா என்பதையும் கட்டுரையில் சொல்லச் சொல்கிறது. எங்கட வாட்ஸ்அப் இலையின் கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

1962 அளவில் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோவில், மயிரில்லாமல் பிறந்த சில சுண்டெலிகள் கண்ணில் பட்டன. 1968இல் இவற்றுக்குத் தைமஸ் சுரப்பியும் இல்லை என்று பாண்டெலூரிஸ் காட்டினார். அதாவது அந்நியக் கலங்களை வெளியேற்றுகிற நிர்ப்பீடனம் பெரும்பாலும் இல்லை. அடுத்த வருசமே றிகார்ட், போவ்ல்சன் என்ற இருவர் மனிதக் குடற்புற்றுநோயை இந்த எலியில் வளர்த்தார்கள். ஊர் திரும்பவும் கோப்பன்ஹேகன். இதன் பிறகு எலியின் கட்டி என்பது பெரும்பாலும் மனிதக் கட்டியின் துண்டுதான், அளவுப் பிழையும் மனிதருக்கு ஒரு படி கிட்ட வந்துவிட்டது.

மயிரில்லாததால் அளப்பது லேசாகியது. ஆனால் ஆளுக்கொரு சூத்திரம். 1989இல் டொமைக்கோ, ரெனோல்ட்ஸ் என்ற இருவர், அதுவரை புழங்கிய 19 சூத்திரங்களை எடுத்து, அளந்த கட்டிகளை அறுத்துத் தராசிலும் வைத்து ஒப்பிட்டார்கள். வென்றது நீளம், அகலம், உயரம் மூன்றும் உள்ள அந்த முட்டைச் சூத்திரம். தீர்ப்பு வந்து முப்பது வருசத்துக்கு மேலாகிவிட்டது, இன்றைக்கும் வருகிற கட்டுரைகளில் இரண்டு அளவுச் சூத்திரம்தான் கூட. உயரத்தை அளக்கப் பஞ்சி.

2008இல் ஒரு குழு சுண்டெலிகளின் கட்டிகளை மூன்று வழியில் அளந்தது: இடுக்கி, சின்ன சி.ரி. ஸ்கேன், கதிரியக்கச் சீனியை ஏற்றிப் பார்க்கும் பெற் ஸ்கேன். பிறகு கட்டியை எடுத்து உண்மை அளவோடு ஒப்பிட்டது. சி.ரி. கிட்டத்தட்டச் சரி. பெற் ஸ்கேன் கனவளவுக்கு உதவாது என்றார்கள். அது கட்டியின் பசியை, அதாவது எவ்வளவு சீனி உறிஞ்சுகிறது என்பதைக் காட்டுகிற கருவி, விளிம்பைக் காட்டுகிற கருவியில்லை. இடுக்கி பிழைத்தது மட்டுமல்ல, கட்டியின் பருமனைப் பொறுத்து வெவ்வேறு அளவில் பிழைத்தது. இது பொல்லாத செய்தி. எல்லாக் கட்டியையும் ஒரே அளவு கூட்டிச் சொன்னால் ஒப்பீட்டில் அடிபட்டுப் போகும். சின்னதுக்கு ஒரு மாதிரியும் பெரிசுக்கு இன்னொரு மாதிரியும் பிழைத்தால், வரைபடத்தின் கோடு தானாகவே வளையும். இந்த ஆய்வு எங்கே நடந்தது? கோப்பன்ஹேகன். முதலாவதாக நின்ற ஆய்வாளரின் பெயர்? ஜென்சன். 1903 ஜென்சனுக்கு உறவா என்று கேட்காதீர்கள். அந்த ஊரில் ஜென்சன் என்பது எங்கட ஊரில் தம்பிப்பிள்ளை மாதிரி.

2010இல் வேறொரு குழு இடுக்கியை விட அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் நல்லதென்று காட்டியது. மின்மினிப்பூச்சி வழியும் ஒன்று உண்டு. கண்ணாக் காட்டில் இரவில் மினுங்குகிற பூச்சியின் ஒளிக்குக் காரணமான பரம்பரையலகைப் புற்றுக்கலத்துக்குள் வைத்துவிட்டால், கட்டி எலியின் உள்ளிருந்தே ஒளி விடும். உயிருள்ள கலம் மட்டும்தான் ஒளிரும், செத்த கலம் ஒளிராது. நண்டுக்குள் சதை எவ்வளவு, தண்ணி எவ்வளவு என்று வெளியே நின்று கேட்கிற மாதிரி. ஆனால் ஆழத்தில் இருக்கிற ஒளி வெளியே வருமுன் மங்கும், ஒட்சிசன் குறைந்த இடத்திலும் மங்கும். பெரிய கட்டியின் நடுப்பகுதியில் ஒட்சிசன் எப்பவும் குறைவு. கட்டி பெருக்கப் பெருக்க இந்தக் கருவியும் தடுமாறும்.

வெத்திலைக்கும் எலிக்கும் தனியாக ஒரு கதை இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட முடியாது. 1933இல் நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியின் அனுபவத்திலிருந்து, திருவிதாங்கூரில் வெத்திலை போடுகிறவர்களின் வாய்ப்புற்று பற்றி ஐ. எம். ஓர் என்ற வைத்தியர் 'லான்செட்' இதழில் எழுதினார். நெய்யூர் இன்றைய கன்னியாகுமரி மாவட்டம். 1960இல் சிங்கப்பூரில் மியூரும் கிர்க்கும் வெத்திலைக் கூட்டின் சாற்றைச் சுண்டெலியின் காதில் பூசிப் பார்த்தார்கள். 1970களில் பம்பாயில் கமல் ரணதிவேயின் குழு பாக்கையும் புகையிலையையும் எலிகளிலும் ஹாம்ஸ்டர்களிலும் சோதித்தது. புகையிலை இல்லாமல் வெறும் பாக்கே மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004இல்தான் முடிவாகச் சொன்னது. "நான் பொயிலை போடுறல்ல, வெறும் வெத்திலபாக்குத்தான்" என்று வட்டாவை இழுத்து வைக்கிற எங்கட அம்மம்மாமாருக்கு இந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

ஹாம்ஸ்டர் ஏனென்றால் அதன் கன்னத்தில் தீன் சேர்த்து வைக்க ஒரு பை இருக்கிறது. 1954இல் சாலி என்ற பல் வைத்தியர் அந்தப் பைக்குள் இரசாயனம் பூசிக் கட்டி வரவழைத்தார். கன்னத்துக்குள் வெத்திலையை அடக்கி வைக்கிற எங்கட ஆட்களின் நோய்க்கு அதைவிடக் கிட்டிய மாதிரி கிடைக்காது. சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் துறை இந்த ஹாம்ஸ்டர் கன்னத்தில் எத்தனையோ தாவரச் சாறுகளைச் சோதித்து எழுதியிருக்கிறது. அந்தக் கட்டுரைகளில் பார்த்தோம்: மூன்று விட்டம் எடுக்கிறார்கள், மூன்றையும் பாதியாக்கிப் பெருக்கி, பையின் மூன்றில் நான்கு பங்கால் பெருக்குகிறார்கள். சுருக்கினால் அதே முட்டைச் சூத்திரம். தமிழ்நாட்டு ஆய்வுகூடம் உயரத்தையும் அளந்திருக்கிறது என்று கண்டதில் எங்களுக்கு ஒரு சின்னச் சந்தோசம்.

மனிதக் கன்னத்திலும் இதே கதைதான் நடந்திருக்கிறது. வாய்ப்புற்று எந்தப் படியில் இருக்கிறது என்பதை நீண்ட காலம் மேற்பரப்பின் அளவை வைத்துத்தான் சொன்னார்கள்: 2 செ.மீ. வரை, 4 செ.மீ. வரை, அதற்கு மேல். 2018 தொடக்கம் நடைமுறைக்கு வந்த எட்டாம் பதிப்பு விதிகளில் ஆழமும் சேர்க்கப்பட்டது. மேலே 2 செ.மீட்டருக்குள் அடங்கினாலும், 5 மி.மீட்டருக்கு மேல் உள்ளே இறங்கியிருந்தால் அது முதற்படி இல்லை. மூன்றாவது அளவு இல்லாமல் கணக்குச் சரிவராதென்று எலியில் 1989இல் சொன்னது, மனிதர் வாயில் சட்டமாக வர இன்னொரு முப்பது வருசம்.

எங்கட இலைக்குத் திரும்பினால், அந்த வரைபடத்தை ஆறுதலாகப் பார்த்தபோதுதான் உண்மையான அதிர்ச்சி வந்தது. இரண்டு கோடும் மேலே போகின்றன. சாறு குடித்த எலிகளின் கட்டியும் வளர்ந்திருக்கிறது, கடைசி நாள் வரை. சாறு குடிக்காத எலிகளின் கட்டியோடு ஒப்பிட்டால் அதில் பாதியளவு, அவ்வளவுதான். ஒரு கட்டியும் சுருங்கவில்லை. "குறைந்தது" என்ற சொல் ஆய்வாளரிடம் ஒரு அர்த்தத்தோடு புறப்பட்டு, வாட்ஸ்அப்பில் வேறொரு அர்த்தத்தோடு வந்து இறங்கியிருக்கிறது. சாறு பெற்ற கட்டி மற்றதில் 42 வீதமாகவோ அதற்குக் குறைவாகவோ இருந்தால்தான் அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனம் ஒரு பொருளைக் கணக்கிலேயே எடுக்கும். பாதி என்பது அந்த வாசலுக்கும் வெளியே. இரண்டு அளவுச் சூத்திரம், கண் மறைக்காத அளவீடு என்ற மற்றக் குறைகள் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

இதைப் பெரியப்பாவுக்கு எப்படிச் சொல்வது? கட்டுரையையும் வரைபடத்தையும் காட்டி விளங்கப்படுத்தப் போய் முதலில் தோற்றோம். "நீங்க படிச்ச புள்ளையள், எதையும் இல்லையெண்டுதான் சொல்லுவீங்க" எண்டார். பிறகு மாவுருண்டையையும் இடுக்கியையும் கொண்டுபோய் அவரையே அளக்க விட்டோம். இரண்டு தரம் அளந்தார், இரண்டும் வேற வேற. சிரித்தார். நண்டுக் கதையை எடுத்தது நாங்களில்லை, அவர்தான். அகலத்தைப் பார்த்து விலை சொல்கிற புது யாவாரிகளை ஏமாற்றிய பழைய கதையெல்லாம் சொன்னார்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப இந்த எலிக்கு உள்ளுக்கு எவ்வளவு இறங்கியிருக்கெண்டு ஒருத்தனும் பாக்கல்லையா?" எண்டு கேட்டார். இல்லையென்றோம். நாக்கால் இடப்பக்கக் கன்னத்தைத் தடவிக்கொண்டார். பெரியம்மாவிடம் கிளினிக் துண்டு எங்கே என்று கேட்டார். அலுமாரிக்குள் சீலைகளுக்கடியில் இருந்தது. செவ்வாய்க்கிழமை முதல் பஸ்ஸில் போவதென்று முடிவு. எங்களில் இரண்டு பேர் கூடப் போகிறோம்.